நிமிடக் கணக்கும் பாவுக் கணக்கும்

தன்னாமுனையில் திருமலை வீதிக்கு வந்து நின்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் துணித்தொழில் ஒன்று எதிர்ப்படும். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் கார்மென்ட் தொழிற்சாலைகள். தெற்கே நகரையும் கல்லடிப் பாலத்தையும் கடந்தால் காத்தான்குடி. இன்னும் கீழே போய் மாவட்ட எல்லையைத் தாண்டினால் மருதமுனை, கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். இந்த ஊர்ப் பட்டதாரி ஒருத்தி துணித்துறையில் முதுமாணி செய்ய நினைத்தால் அவளுக்கு முன்னால் இருப்பதும் இதே இரண்டு திசைகள்தான்.

ஒன்று ஆடைத் தயாரிப்பு. மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின் நெசவு, ஆடைப் பொறியியல் துறை இலங்கையில் இதற்கான பெரிய வாசல். இந்தியாவில் 1986இல் தொடங்கிய நிஃப்ட் நிறுவனம் இதே பாடத்தை இரண்டு வருட முதுநிலைப் பட்டமாகத் தருகிறது. மற்றது இந்திய மரபுத் துணிகள் பற்றிய படிப்பு. வடோதராவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் போன்ற இடங்களில் அது மனையியலின் ஒரு கிளையாக வளர்ந்தது. இந்த வேர் வித்தியாசம் சின்ன விசயமல்ல. ஆடைத் தயாரிப்பு பொறியியலின் பிள்ளை; மரபுத் துணியியல் மனையியலின் பிள்ளை. ஒன்றுக்கு ஆய்வுப் பணமும் தொழிற்சாலை உறவும் கிடைத்தன. மற்றதற்குப் பெரும்பாலும் மரியாதை மட்டும் கிடைத்தது.

வீட்டில் இரண்டுக்குமே வரவேற்பில்லை என்பது வேறு கதை. "கார்மென்சுக்குப் போறத்துக்கா மகள் இவ்வளவு படிச்சநீ?" என்று கேட்கிற தாய், தறியைச் சொன்னாலும் அதே குரலில்தான் கேட்பாள்.

ஆடைத் தயாரிப்பு வகுப்பில் முதலில் கைக்கு வருவது நிறுத்துக் கடிகாரம். ஒரு சேட்டைத் தைக்க எத்தனை வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி என்று பிரித்து அளந்து, களைப்புக்கும் நூல் அறுவதற்கும் கொஞ்சம் கூட்டி, அந்த உடுப்புக்கு ஒரு நிமிட மதிப்பு போடுகிறார்கள். அதற்குப் பிறகு எல்லாம் கணக்கு. ஒரு லைனில் 30 பேர், 8 மணித்தியாலம், அதாவது 480 நிமிடம், செயல்திறன் 60 வீதம், உடுப்பின் மதிப்பு 12 நிமிடம் என்றால் அன்றைய டார்கெட் 720. கொலர் பொருத்த 48 நொடியும் பக்கத் தையலுக்கு 30 நொடியும் எடுத்தால், கொலர்க்காரிக்கு முன்னால் துணி மலைபோலக் குவியும். அங்கே இன்னொரு மெசினைப் போடுவதா, வேலையை இரண்டாக உடைப்பதா, அல்லது கைவேகமான ஒருத்தியைக் கொண்டுவந்து இருத்துவதா? இதைத் தீர்க்கத் தெரிந்தவருக்குத்தான் பட்டம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதை விடப் புத்தியைக் கேட்கும் படிப்பு இது. ஆனால் அதன் வாய்பாட்டில் அந்தக் கொலர்க்காரிக்குப் பேர் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மற்ற வகுப்பில் கடிகாரம் கிடையாது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். குறுக்கிழையான ஊடையைக் கொண்டுபோகும் நாடா ஒன்று உடலில் ஓட, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடாக்கள். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதனால் தறியில் இருப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை தேவை. வழக்கமாக வீட்டுப் பிள்ளையின் கை. முந்தானைக்கு வந்ததும் பேட்னி. நெடுக்கிழையான பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுநிறப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். நல்ல கோர்வைச் சேலையில் முந்தானை தொடங்கும் இடத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்தச் சேர்ப்பு ஒரு மெல்லிய தடிப்பாகத் தெரியும். நமது கலியாணக் கூறைகளில் எத்தனையில் அது இருக்கிறது என்று அலுமாரியைத் திறந்து பார்க்கலாம்.

மாணவி இதை வரைந்து, இழை எண்ணி, பதிவுசெய்து, வேறு மரபுகளோடு ஒப்பிட வேண்டும். பாட்டன் நகரில் பாவையும் ஊடையையும் நெய்வதற்கு முன்னரே கட்டிச் சாயமிடும் படோலா, காளத்தியில் கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் மூங்கில் குச்சியால் எழுதும் கலம்காரி, மதுரையின் சுங்குடி என்று பட்டியல் நீளும். இந்தப் பாடத்தில் இலங்கையும் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுகிறது. சோழமண்டலத் துணிகளின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. அந்த வேரை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டி எடுக்க ஒல்லாந்தர் தனிச் சமூகம் ஒன்றையே கட்டாயப்படுத்தி வைத்திருந்தார்கள். இந்திய மரபுத் துணி என்று தலைப்புப் போட்டுப் படிக்கிற பலர் இந்த வேரின் ஊரைத் தேடிப் பார்ப்பதில்லை.

ஒன்று நேரத்தைப் படிக்கிறது, மற்றது துணியைப் படிக்கிறது என்று இதோடு முடித்துவிடலாம். அது பாதிதான். எனக்குப் பெரிதாகத் தெரிகிற வித்தியாசம், ஒவ்வொரு படிப்பும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஆடைத் தயாரிப்புக்குத் துணி ரோலாக வந்து இறங்கிய பிறகுதான் உலகம் தொடங்குகிறது. மரபுத் துணியியலுக்குத் துணி தறியிலிருந்து அறுபட்டதும் உலகம் முடிகிறது. தறியிலிருந்து வெட்டு மேசை வரைக்கும் உள்ள தூரம் யாருடைய பாடத்திட்டத்திலும் முழுமையாக இல்லை.

அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? ஒரு முழுத் தொழில் இருக்கிறது.

தொழிற்சாலைக்கு வரும் துணியை நான்கு புள்ளி முறையில் சோதிப்பார்கள். 3 அங்குலத்துக்கு உட்பட்ட குறைக்கு ஒரு புள்ளி, 9 அங்குலத்துக்கு மேற்பட்டதற்கு நாலு. 100 சதுர யாருக்கு 40 புள்ளி தாண்டினால் பொதுவாக ரோல் திரும்பிப் போகும். இப்போது 36 அங்குல அகலத்தில் 50 யார் கைத்தறித் துணியை அந்த மேசையில் விரியுங்கள். யாருக்கு ஒரு முடிச்சு அல்லது தடித்த இழை இருந்தாலே 100 சதுர யாருக்கு 100 புள்ளி வந்துவிடும். ஒரு வகுப்பில் அந்தத் துணி தோல்வி. அடுத்த வகுப்பில் அதே தடித்த இழை கைநூலின் அடையாளம், கைவேலைக்கு அத்தாட்சி. இரண்டு ஆசிரியர்களும் தங்கள் வகுப்பில் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் துணியில் சேட் தைத்து விற்க வேண்டிய ஆளுக்கு இரண்டு பதிலுமே உதவாது.

சுருக்கத்தையும் பாருங்கள். கைத்தறிப் பருத்தித் துணியில் 50 சென்ரிமீற்றர் சதுரம் குறித்துக் கழுவிக் காயவிட்டு அளக்கும்போது 47 வந்தால் 6 வீதம் போய்விட்டது. 104 சென்ரிமீற்றர் மார்பளவில் தைத்த சேட் முதல் கழுவலோடு 98க்குள் வந்துவிடும். வாங்கியவருக்கு ஒரு சைஸ் குறைவு. மில் துணிக்கு இதை முன்கூட்டியே கட்டுப்படுத்தி அனுப்புகிறார்கள். தறிவீட்டில் அதற்கு வசதி இல்லை. வெட்டுவதற்கு முன்னால் துணியைக் கழுவு என்பது தையல் தெரிந்த நமது அம்மாமார் அறிந்த விசயம். தொகுதிக்குத் தொகுதி எவ்வளவு சுருங்கும், அதற்கு மாதிரித்தாளை எப்படி மாற்றுவது, அந்தச் செலவை யார் தலையில் போடுவது என்பவை முதுமாணி மட்டத்துக் கேள்விகள். அவற்றைக் கேட்க இரண்டு துறையிலும் ஆளில்லை.

இந்த இடைவெளியில் விழுந்தும் எழும்பியதற்கு மெட்ராஸ் துணியிலேயே ஒரு வரலாறு உண்டு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர் கப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் சாயம் கழரும் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை வாங்கி புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். கழுவும் முறை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடி, முறைப்பாடு வந்து, வழக்குப் பேச்சும் எழுந்தது. கடைசியில் சாயம் கழரும் என்பதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்தார்கள், துணி பறந்தது. தயாரிப்புப் படிப்பின்படி அது சாய உறுதியில் தோற்ற துணி. மரபுப் படிப்பின்படி அது இயல்பான தாவரச் சாயத்துணி. இரண்டையும் அறிந்து மூன்றாவதாக ஒன்றைச் சொன்னவர்கள் பணம் பார்த்தார்கள். விளம்பரக்காரர் செய்ததைக் கல்விக்காரர் செய்யாமல் விட்டது ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இனி நமது கரைக்கு வருவோம். 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் இலங்கைக் கைத்தறி ஓரளவு செழித்தது. திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டு மில் துணி கடைகளை நிறைத்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அடுத்த வருடமே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கார்மென்டைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. போர் நடந்த நமது பகுதிக்கு அதன் பங்கு சொற்பம். இந்தியா வேறு வழியில் போனது. 1985இல் கைத்தறிக்கென்றே சில துணி வகைகளை ஒதுக்கிச் சட்டம் போட்டது. அது முழுதாகக் காப்பாற்றியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; ஒதுக்கிய 22 வகைகள் பின்னர் 11 ஆகிவிட்டன. ஆனாலும் 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தொழிலில் இருந்தார்கள். அங்கே மரபுத் துணியியல் ஒரு படிப்பாக நிற்பதற்குக் காரணம் படிக்க உயிரோடு ஒரு பொருள் இருப்பதே.

ஒரு வாரத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி மருதமுனைக் கரையில் ஆட்களையும் வீடுகளையும் தறிகளையும் அள்ளிக்கொண்டு போனது. ஆறாம் நாள், 2005 ஜனவரி 1இல், இலங்கைக் கார்மென்டைத் தாங்கி நின்ற முப்பது வருடப் பழைய ஏற்றுமதிக் கோட்டா முறை உலகம் முழுக்க முடிவுக்கு வந்தது. கார்மென்ட் அதைத் தாங்கியது. அதற்கு நிறுவனங்கள் இருந்தன, கணக்குத் தெரிந்த பட்டதாரிகள் இருந்தார்கள், கோட்டா முடியப்போவது பத்து வருடங்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது. தறிக்கு இந்த மூன்றில் ஒன்றும் இருக்கவில்லை. படித்த ஆட்களின் பலம் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு எனக்குத் தெரியாது.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆடைத் தயாரிப்பு படித்தவருக்குத் திட்டமிடல், தர மேற்பார்வை, தொழிற்பொறியியல் என்று சம்பளத்தோடு பதவிகள் இருக்கின்றன. நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்து வருகிறது. மரபுத் துணி படித்தவருக்கு விரிவுரையாளர் பதவி, அருங்காட்சியகம், வடிவமைப்பு நிறுவனம். அதுவும் பெரும்பாலும் இந்தியாவில்.

கள ஆய்வில் நிலைமை தலைகீழ். தொழிற்சாலைக்குள் போக மனிதவளப் பிரிவின் கடிதம் வேண்டும். வாங்குநரின் பேரை எழுதக்கூடாது. எடுத்த தரவை வெளியிட முன்னர் காட்ட வேண்டும். தறிவீட்டுக் கதவு திறந்தே கிடக்கும், தேத்தண்ணியும் வரும், ஆனால் எழுதி வைத்த கணக்கு ஒன்றும் இராது. எல்லாம் வாய்ப்பேச்சு. இங்கேதான் தன்னாமுனைப் பிள்ளைக்கு ஒரு வசதி. மருதமுனையிலும் காஞ்சிபுரத்திலும் அந்தப் பேச்சு தமிழில் நடக்கிறது. பாவு, ஊடை, நாடா, அச்சு, கோர்வை என்று நெசவாளர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்க முடிகிறவர்கள் உலகத்துத் துணியியல் துறைகளில் மிகக் குறைவு.

இப்படிக் கேட்டு எழுதுவதை இந்த நாட்டில் நூறு வருடங்களுக்கு முன்னரே ஒருவர் செய்திருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பகுதிக் கைவினைகளைத் தேடி அலைந்த காலத்தில் கூடவே அலைந்தவர் அவருடைய முதல் மனைவி எதெல். இங்கே கண்ட நெசவும் சாயமும் அவரை விடவில்லை. இங்கிலாந்து திரும்பி, எதெல் மேரே என்ற பேரில் தறி போட்டு, 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதி, அந்நாட்டுக் கைநெசவின் மறுமலர்ச்சிக்கே முன்னோடி ஆனார். இலங்கையில் கற்றது இங்கிலாந்தில் பாடமானது. கிழக்குக் கரையின் தறிகளுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை.

எது என்று கேட்டால் என் பதில்: முதுமாணிக்கு மரபுத் துணியியலை எடுங்கள், ஆனால் ஆய்வேட்டை ஆடைத் தயாரிப்பின் கருவிகளைக் கொண்டு செய்யுங்கள். நிறுத்துக் கடிகாரத்தையும் நான்கு புள்ளித் தாளையும் நான்கு மாதக் குறும்பயிற்சியில் கற்கலாம். கோர்வையைப் பார்த்து அடையாளம் காணும் கண் அப்படி வராது. இந்தியாவில் படிக்க விரும்புகிற இலங்கைப் பட்டதாரிகளுக்குக் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகரகம் வழங்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் உண்டு. எந்தத் துறைகளுக்கு என்பதை அறிவித்தல் வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வுப் பொருளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மருதமுனைச் சாரன் துணியின் அகலம், சுருக்கம், தொகுதிக்குத் தொகுதி மாறும் நிறம் ஆகியவற்றை ஒரு வருடம் அளந்து, அதற்கேற்ற வெட்டு முறையை எழுதினால் இந்தக் கரையில் அது முதல் வேலையாக இருக்கும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கட்புல, தொழில்நுட்பக் கலைகளுக்கென்று அங்கே ஒரு துறையும் இருக்கிறது. அங்கே இரண்டு தறியும் ஆறு தையல் மெசினும் ஒரே அறையில் போட்டு, ஒரு வருட பட்டப்பின் டிப்ளோமாவாவது தொடங்குங்கள். தறிக்கு ஆசிரியரை மருதமுனையிலிருந்தும் மெசினுக்கு ஆசிரியரை ஏறாவூரிலிருந்தும் அழைக்கலாம். இருவருக்கும் பஸ் வசதி உண்டு.