கற்றுக் கொடுத்த கைகள்

எந்தத் தொழிலையும் பிறக்கும்போதே கையில் கொண்டு வந்தவர் உலகத்தில் இல்லை. பால்மரம் சீவ வரும் புதியவனுக்குக் கத்தியை எவ்வளவு ஆழம் விடலாம் என்பதைப் பழகிய கை ஒன்று காட்டவேண்டும். காட்டாவிடில் பட்டையோடு நில்லாமல் மரத்தையே புண்ணாக்கி விடுவான். அச்சுக்கூடத்திலும் பட்டறையிலும் இதே நியதிதான். ஆகவே, வேலை செய்யுமிடம் ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடமே. ஆனால் அங்கே கற்பிப்போர் எல்லோரும் ஒரே விதமாய்க் கற்பிப்பதில்லை. அவ்விதங்கள் யாவை, அவற்றுள் மனிதனை உயர்த்துவது எது என்பதை அறிய, ஒரு கொல்லன் மகனுடைய சரித்திரத்தை நாம் சிறிது ஆராய்வோம்.

மைக்கேல் பாரடே 1791-ம் ஆண்டில் லண்டன் நகரையடுத்துப் பிறந்தார். தகப்பனார் இரும்படித்துப் பிழைத்தவர். அடிக்கடி நோயால் வருந்தியவர். எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு என்பவற்றுக்கு மேல் மகனுக்குப் பள்ளிப் படிப்பு கிட்டவில்லை. 1804-ல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாய்ச் சேர்ந்து, வீடுவீடாய்ப் பத்திரிகை சுமந்தார். மறு ஆண்டு ரீபோ அவரைப் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழக 7 ஆண்டு ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டார்.

இவ்வொப்பந்த முறை இங்கிலாந்தில் பழமையானது. 1563-ம் ஆண்டுச் சட்டம் பல தொழில்களுக்கு 7 ஆண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. 1814-ல்தான் அக்கட்டாயம் நீங்கியது. பையன் உழைப்பைக் கொடுப்பான். எஜமான் தொழிலைக் கொடுப்பார். பெற்றோர் முன்பணம் செலுத்துவதும் வழக்கம். பாரடேயிடம் ரீபோ முன்பணம் வாங்கவில்லை. பையன் உண்மையாய் உழைத்ததே போதுமென்று விட்டுவிட்டார். இதனினும் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படிக்கவும், ஓய்வு நேரத்தில் சிறு சோதனைகள் செய்யவும் அவர் தடை சொல்லவில்லை. தம் பட்டறையிலிருந்து ஒரு பைண்டர்தான் வெளிவர வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால், உலகம் ஒரு மேதாவியை இழந்திருக்கும்.

அப்படிப் பைண்டுக்கு வந்தவற்றுள் ஒன்று, ஜேன் மார்ஸெட் என்னும் அம்மையார் எழுதிய ரஸாயன நூல். முகம் காணாத ஒரு பெண்மணி புத்தகத்தின் வழியாகவே அவருக்கு ஆசிரியையானார். பிற்காலத்தில் புகழடைந்த பாரடே, தாம் எழுதிய ஆராய்ச்சிகளை அவ்வம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாய் அனுப்பி வந்தார். 1810-ல், கொல்லுத் தொழில் செய்த அண்ணன் தந்த காசைக் கொண்டு டேட்டம் என்பாரின் பிரசங்கங்களுக்குச் சென்றார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அங்கே கூடிய வாலிபர்கள் ஒரு சங்கமாய் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டனர். அங்கே குரு என்றும் சிஷ்யன் என்றும் வேற்றுமையில்லை. இது மற்றொரு விதம்.

மூன்றாவது விதம் பெரியார் ஒருவரின் ஆதரவு. 1812-ல் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய பிரசங்கங்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். கேட்டதையெல்லாம் பாரடே எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். பழகிய தொழில் அங்கே கைகொடுத்தது. 1813 மார்ச்சு முதல் தேதி டேவியின் உதவியாளர் ஆனார்.

டேவியும் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். மரச் சிற்பியின் மகன். போர்லேஸ் என்னும் வைத்தியரிடம் தொழில் பழகியபோது, மேலான வாய்ப்பு வரவே, அவ்வைத்தியர் 1798-ல் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து அனுப்பினார். தாம் பெற்ற இந்த உதவியை டேவி பாரடேக்குச் செய்தாரா? ஆரம்பத்தில் செய்தார். அதே 1813-ல் தொடங்கிய ஐரோப்பிய யாத்திரையில், பெரிய விஞ்ஞானிகள் பலரைக் காணும் பேறு பாரடேக்குக் கிடைத்தது. ஆனால் அதே யாத்திரையில் டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார்.

சோதனை பின்னால் வந்தது. 1821-ல் மின்சாரத்தால் கம்பியைச் சுழலச் செய்து பாரடே பெயர் பெற்றார். அவரை ராயல் சொஸைட்டி அங்கத்தினராக்க நண்பர்கள் முன்மொழிந்தபோது, அச்சபையின் தலைவரான டேவி அம்மொழிவை விலக்கும்படி கேட்டார். பாரடே இணங்கவில்லை. 1824 ஜனவரியில் ஒரே ஒரு எதிர்வாக்கோடு தெரிந்தெடுக்கப்பட்டார். கைப்பிடித்து ஏற்றிவிட்டவருக்கே, ஏறியவன் தமக்குச் சமமாய் நிற்பதைக் காணப் பொறுக்கவில்லை! ஆயினும் பாரடே டேவிக்குத் தாம் பட்ட நன்றியை ஒருநாளும் மறுக்கவில்லை. 1831-ல் காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டார். நம் வீட்டில் விளக்கெரிக்கும் மின்சாரம் பெரும்பாலும் அவ்வழியில் உண்டாவதே.

பாரடே எப்படிக் கற்பித்தார்? ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நெடுநாள் துணையாயிருந்தவர் ஆண்டர்ஸன் என்னும் பழைய இராணுவ வீரர். வீட்டுக்குப் போகச் சொல்ல பாரடே மறந்த ஓர் இரவு, விடியும்வரை அவர் உலைக்குத் தீப்போட்டுக் கொண்டிருந்தார் என்று சொல்வர். உண்மையான ஊழியர்தான், ஆனால் சொன்னதைச் செய்ய மட்டும் பழகியவர். தம் ஆராய்ச்சியைத் தொடர ஒரு சிஷ்யனைப் பாரடே தயாரிக்கவில்லை. இது அவர் வாழ்வில் ஒரு குறையே. ஆனால் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு 19 ஆண்டுகள் பிரசங்கம் செய்தார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே இயற்கையின் விதிகளை அவர்களுக்கு விளக்கினார்.

தோழர்களே! தொழில் ரகசியத்தைப் பிறப்புக்கும் குடும்பத்துக்கும் உரிய சொத்தாகப் பூட்டி வைத்த வழக்கம் நமக்குப் புதிதன்று. பூட்டி வைத்த வித்தை வைத்தவரோடு மண்ணுக்குப் போகும். போர்லேஸும் ரீபோவும் பெரிய விஞ்ஞானிகள் அல்லர். ஆனால் தம்மிடம் பழகிய பையன் தம்மைவிட்டு மேலே போவதை அவர்கள் தடுக்கவில்லை. மாபெரும் மேதையான டேவி இடறி விழுந்த இடத்தில் அச்சிறிய மனிதர் இருவரும் நிமிர்ந்து நின்றனர். நம்மிடம் தொழில் பழகும் ஒருவன் நம்மை மிஞ்சும் நாளில் நாம் எங்கே நிற்போம் என்பதை ஒவ்வொருவரும் இப்போதே கேட்டுக்கொள்வது நலம்.