நாய் மாத்திரையை விழுங்கிவிட்டதா? உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கப்படும் இனிப்புநீர், இரத்த அழுத்த மாத்திரைகள் பல வீடுகளில் நெகிழிப் பையோடு சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கும். நாய்க்குட்டிக்கு அந்தப் பை ஒரு விளையாட்டுப் பொருள். கடித்துக் கிழித்து, உள்ளே இருப்பதை விழுங்க அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

அப்படி நடந்த பிறகும் நாய் வாலாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பிக் காத்திருப்பதுதான் ஆபத்து. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள் ஓரிரு நாள் கழித்தே வெளிப்படலாம். ஆனால், மாத்திரையை வாந்தியாக வெளியேற்றும் சிகிச்சை பெரும்பாலும் முதல் 2 மணி நேரத்திற்குள் செய்தால்தான் பலன் தரும்.

அந்த வாந்தியை வீட்டில் வரவழைக்க முயலக்கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றுவது இன்னும் சிலரிடம் இருக்கும் பழைய பழக்கம். அந்த உப்பே இரத்தத்தில் சோடியத்தை உயர்த்தி, வலிப்பையும் மரணத்தையும் உண்டாக்கலாம். தொண்டைக்குள் விரலை விட்டால் கடியும் காயமும்தான் மிஞ்சும். நாய் மயக்கத்தில் இருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பாலோ இளநீரோ எண்ணெயோ கொடுப்பதால் மருந்தின் நஞ்சு முறியாது.

முதலில், சிதறிக் கிடக்கும் மாத்திரைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். உடனே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை குறைகிறது, எப்போது விழுங்கியது, நாயின் எடை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் பையின் மீது ஒட்டிய தாளிலேயே இருக்கும். எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால், கூடுதலாகவே கணக்கிட்டுச் சொல்வது நல்லது. கிழிந்த பையையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. இனிப்புநீருக்கான மெட்ஃபோர்மின் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு நின்றுவிடும். அதே நோய்க்கான கிளிக்லசைட் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி, தள்ளாட்டத்தையும் வலிப்பையும் கொண்டு வரலாம். அம்லோடிபின் இரத்த அழுத்தத்தை அபாயகரமாகக் குறைக்கும். போன்ஸ்டான், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தவறிப்போய் விழுங்குவது ஒருபுறமிருக்க, காய்ச்சல் என்று நினைத்து நாய்க்குப் பெனடோல் கொடுப்பவர்களும் உண்டு. 5 கிலோ எடையுள்ள நாய்க்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே நஞ்சாகும் அளவை எட்டிவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறினாலும் முகம் வீங்கினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. பெனடோல் நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால் நாய் பிழைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. பூனைக்கோ ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தூரமும் ஒரு பிரச்சினை. பட்டணத்துக் கால்நடை கிளினிக்குகள் பலவும் இரவில் மூடிவிடும். இரவிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கின் எண்ணை இப்போதே கேட்டறிந்து, கைத்தொலைபேசியில் பதிந்து வைக்கலாம். புறப்படும் முன் அழைத்துவிட்டால், போய்ச் சேர்வதற்குள் அவர்கள் தயாராக இருப்பார்கள்.