வரிச்சுமைக்கு ஒரு சுமைதாங்கி

அமெரிக்க ஐக்கிய நாட்டில், மலேசியாவில் உள்ளது போல, நாடு முழுமைக்கும் பொதுவான விற்பனை வரிச் சட்டம் கிடையாது. மாநிலங்களே அவ்வரியை விதிக்கின்றன. பல இடங்களில் நகரங்களும் தத்தம் பங்கை அதன்மேல் ஏற்றுகின்றன. வரியைக் கொடுப்பவர் பொருள் வாங்குவோர். அதனைக் கணக்கிட்டுத் தண்டி, படிவம் நிரப்பி அரசிடம் சேர்ப்பவரோ கடைக்காரர். பிற மாநிலத்துக் கடைக்காரரையும் தனக்குத் தண்டல்காரராக்க ஒரு மாநிலத்துக்கு உரிமை உண்டா? இதுவே அரை நூற்றாண்டு நீடித்த வழக்கு.

1967இல் நேஷனல் பெல்லாஸ் ஹெஸ் என்னும் அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்துக்கும் இல்லினாய் மாநிலத்துக்கும் இடையே இக்கேள்வி உச்ச நீதிமன்றம் சென்றது. அந்நிறுவனத்துக்கு இல்லினாயில் கடையுமில்லை, முகவருமில்லை. விலைப்பட்டியல் மட்டும் தபாலில் சென்றது. 2,300க்கு மேற்பட்ட ஊர்கள் தனித்தனியே வரி விதிக்கும் நாட்டில் வெளியூர் வணிகர்மீது இத்தனை கணக்குகளைச் சுமத்துதல் ஆகாது என நீதிமன்றம் கருதிற்று. 1992இல் நார்த் டகோட்டா தோற்ற குவில் வழக்கிலும் பழைய விதியே நிலைத்தது. அப்போது வரி விதிக்கும் அமைப்புகள் 6,000க்கு மேல். குவில் நிறுவனமோ, பொருள்களுக்கு ஆணை அனுப்ப உதவும் கணினி நிரலை வாடிக்கையாளர் சிலருக்கு வட்டுகளில் அளித்திருந்தது. விற்க உதவிய கணினி வரி கணக்கிட உதவாதோ என்று வினவத் தோன்றுகிறதன்றோ!

வாங்குவோர் தாமாகவே வரி செலுத்த வேண்டும் என்ற சட்டம் ஏட்டில் இருந்தது. செலுத்தியோர் மிகச் சிலரே. இணைய வணிகம் பெருகவே மாநிலங்களின் இழப்பும் பெருகிற்று. ஆகவே பல மாநிலங்கள் கூடி ஓர் உடன்படிக்கை கண்டன. அது 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பொருள்களுக்குப் பொது வரையறை, சோதித்துச் சான்றளிக்கப்பட்ட மென்பொருள் ஆகியவை அதன் சாரம். வாங்குவோரின் முகவரியைக் கொண்டு மென்பொருள் வரியைக் கணிக்கும். அதனை நடத்தும் நிறுவனமே படிவத்தையும் இணையவழி அனுப்பும். தகுதியுள்ள வெளிமாநில வணிகருக்காக அச்செலவை உறுப்பு மாநிலங்களே ஏற்றன.

வருமான வரியே இல்லாத சவுத் டகோட்டா, விற்பனை வரியையே பெரிதும் நம்பியிருந்தது. ஆண்டுக்கு 100,000 டாலர் அல்லது 200 விற்பனைகளை எட்டும் வெளிமாநில வணிகரும் வரி தண்ட வேண்டும் என 2016இல் அது சட்டமியற்றிற்று. 2018 ஜூன் 21இல், வேஃபேர் வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் பழைய விதியைக் கைவிட்டது. சவுத் டகோட்டா தரும் மென்பொருளையும், அதைப் பயன்படுத்துவோர்க்கு அளிக்கும் தணிக்கைப் பாதுகாப்பையும் நீதிபதி கென்னடி தம் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார்.

மறுத்தெழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 10,000க்கு மேற்பட்ட வரி எல்லைகளைச் சுட்டினார். இல்லினாயில் டுவிக்ஸ் உணவு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய், முன்னதில் மாவு உண்டு, பின்னதில் இல்லை, வரியும் வேறு! மென்பொருளுக்கு இந்த மாவுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராபர்ட்ஸின் அச்சம் வீணன்று. கலிபோர்னியா, டெக்சஸ், நியூயார்க், புளோரிடா என்னும் பெரிய மாநிலங்கள் உடன்படிக்கையில் சேரவில்லை. அங்கு வரி செலுத்தும் சிறு வணிகர் மென்பொருளுக்கும் பெரும்பாலும் தம் கைப்பணத்தையே கொடுக்க வேண்டும்.

இரண்டு டாலர்ப் பொருளை 200 முறை விற்றவரையும் பிடித்த அந்த எண்ணிக்கை விதியைச் சவுத் டகோட்டாவே 2023 ஜூலை 1 முதல் நீக்கிவிட்டது.