தபாலில் வந்த பாடமும் திரையில் வரும் பாடமும்

மலர்க் குழுவினர் கல்லூரி நாட்களின் நினைவுகளை எழுதித் தரச் சொன்னார்கள். நினைவுகளை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனவே நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் பலர் "பிசினஸ் அனாலிசிஸ்", "சேஞ்ச் மேனேஜ்மெண்ட்" என்ற பெயர்களில் இணையவழிப் பயிற்சிகளுக்குப் பணம் கட்டுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள், "அதென்னப்பா அப்படி ஒரு படிப்பு? அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். படிப்பின் பெயர் புதுசு. விஷயம் கரிசல் சீமைக்குப் புதுசல்ல.

ஒரு தொழில் இப்போது எப்படி நடக்கிறது, எங்கே தேங்குகிறது, யாருக்கு என்ன தேவை என்று விசாரித்து எழுதி, எதை மாற்றினால் சரியாகும் என்று சொல்வது முதலாவது படிப்பு. அந்த மாற்றத்தை வேலை பார்க்கிற மனிதர்கள் ஏற்றுக்கொள்ளும்படி கொண்டு செலுத்துவது இரண்டாவது. இவ்வளவுதான். மற்றதெல்லாம் படம் போட்டு விளக்குவது.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். சில மாதங்கள் தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி 1923-இல் தொழிலைத் தொடங்கினார்கள். இந்தக் கதை நமக்கெல்லாம் தெரியும். அதில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. முதலில் இயந்திரத்தோடு தொடங்கிய தொழிலைப் பிறகு கைவேலையாக மாற்றினார்கள். மழை பொய்த்தால் காட்டு வேலை கிடையாது. கைகள் சும்மா இருக்கும். வறண்ட காற்றில் குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். இந்த மண்ணுக்கு எது பொருந்தும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த முடிவு அது. குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது, அடைப்பது, பண்டல் போடுவது என்று வேலை துண்டு துண்டானது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று தீப்பெட்டி ஆபீஸ்கள் பரவின. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்தது.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். துண்டு வேலையாகப் பிரித்ததால் சின்னப் பிள்ளைகளின் விரல்களும் அதில் சேர்ந்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசியை முன்வைத்து வந்த வழக்கில், அபாயத் தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. லாபக் கணக்கை அத்தனை நுட்பமாகப் போட்ட தொழில், இந்த ஒன்றைத் தானாகத் திருத்திக்கொள்ளவில்லை. வெளியிலிருந்துதான் திருத்த வேண்டியிருந்தது.

கோவில்பட்டியில் தீப்பெட்டியோடு மில்லும் உண்டு. லட்சுமி மில், லாயல் மில் சங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஷிப்ட் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. புது மிஷின் வந்தால் எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதுதான் மில் தெருவில் முதல் பேச்சு. உலகப் பாடப் புத்தகங்களில் இடம்பெற்ற ஒரு பரிசோதனை இதே கேள்வியை வைத்து 1953-இல் அகமதாபாத் காலிகோ மில்லில் நடந்தது. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கே போனார். தானியங்கித் தறிகள் போட்ட ஷெட்டில் 224 தறிகளை 29 பேர், 12 விதமான வேலைப் பெயர்களோடு கவனித்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் புதிது, ஆனால் உற்பத்தி எதிர்பார்த்தபடி இல்லை. அறுந்த நூலை முடிகிறவர் ஒருவர், குழல் நிரப்புகிறவர் இன்னொருவர், அவரவருக்கு அவரவர் வேலை, ஒருவருக்கொருவர் பொறுப்பில்லை. சிறு குழுவுக்கு இத்தனை தறி என்று சேர்த்துப் பொறுப்பாகக் கொடுக்கலாமே என்று ரைஸ் யோசனை சொன்னார். அதற்கு மேல் அவர் பேசத் தேவையிருக்கவில்லை. யார் யாரோடு சேருவது என்று தொழிலாளர்களே கூடிப் பேசித் தீர்மானித்துவிட்டார்கள். நெசவு கூடியது, சேதாரம் குறைந்தது.

எனக்கு இதில் பிடித்தது பிற்பகுதிதான். 1970-இல் அதே மில்லுக்கு மறுபடி போய்ப் பார்த்தார்கள். ஒரு ஷெட்டில் குழு முறை பெரிதும் மாறாமல் நின்றிருந்தது. மற்ற இடங்களில் பழைய முறை திரும்பியிருந்தது. மாற்றத்தைக் கொண்டுவருவது ஒரு வேலை, அதை நிலைக்க வைப்பது வேறு வேலை. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1947-லேயே, இறுகியதை இளக்கு, மாற்று, மறுபடி இறுக விடு என்று மூன்று படியாகச் சொல்லியிருந்தார். கரிசல் மண்ணைக் கோடையில் உழுது போட்டு, மழைக்குப் பிறகு விதைத்து, வேர் பிடிக்க விடுகிற சம்சாரிக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை!

இதையெல்லாம் நம் ஊரில் இருந்துகொண்டு முறையாகப் படிக்க அன்று என்ன வழி? தபால்தான். தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியபோது நம் பக்கத்து மில் கிளார்க்கும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் பட்டம் வாங்க ஒரு கதவு திறந்தது. அவர்களுக்குப் பாடப் புத்தகக் கட்டு போஸ்ட்மேன் கையில் வரும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு உட்கார்ந்து படிக்க வேண்டும். நேர்முக வகுப்புக்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். "தபால்ல படிச்ச பட்டம்தானே" என்று ஏளனம் பேசியவர்களும் உண்டு. அந்தப் பட்டத்தால் பதவி உயர்வு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அதற்கு மேல் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. 1985-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன.

வெளிநாட்டில் இதற்கிடையே இந்த வேலைக்குத் தனிப் பெயரும் தனிச் சான்றிதழும் உருவாகின. ஜான் காட்டர் 1995-இல் நிறுவன மாற்றங்கள் ஏன் தோற்கின்றன என்று எழுதிய கட்டுரை பிரபலமானது. தொழில் பகுப்பாய்வாளர்களுக்கான சர்வதேச அமைப்பு கனடாவின் டொரண்டோவில் 2003-இல் பிறந்தது. அவர்களுடைய மூத்த சான்றிதழுக்கு வைத்த விதியைக் கவனியுங்கள்: தேர்வு எழுதும் முன்பே 7,500 மணி நேரம் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். வேலை பார்க்காதவருக்கு அந்தக் காகிதம் கிடையாது. ஆறே வாரத்தில் "நிபுணர்" ஆக்குவதாக விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். தம்பிகள் பணம் கட்டும் முன் இதை விசாரிப்பது நல்லது.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி திறந்தது. 2003-இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கிப் பாடங்களை இலவசமாக வெளியிட்டன. 2014-இல் தேர்வும் சான்றிதழும் சேர்ந்தன. பாடம் பார்க்கக் காசில்லை, தேர்வுக்கு மட்டும் கட்டணம். 2017 ஜூலையில் ஸ்வயம் தளம் வந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு நாட்களில், சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. வயது வரம்பு கிடையாது. பாடம் திரையில், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். 2022 மார்ச் 1-இல் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டமும் தொடங்கியது.

அந்தச் சென்னைப் படிப்பில் ஒரு பகுதி நமக்கு மிகவும் பொருந்தும். மாணவர் ஒரு தொழிலிடத்துக்கு நேரில் போய், அங்குள்ள உண்மையான கணக்கைக் கேட்டு வாங்கி, ஒரு சிக்கலைக் கண்டறிந்து, தீர்வு எழுதித் தர வேண்டும். தலைநகரத்துப் பெரிய கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. மளிகைக் கடை போதும், கடலை மிட்டாய்க் கடையும் போதும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2020-இல்தான். குறியீடு கிடைத்த பிறகு விற்பனையில் என்ன மாறியது, வெல்லமும் கடலையும் விலையேறும்போது பாக்கெட்டில் எடையைக் குறைப்பதா, விலையைக் கூட்டுவதா? பக்கத்துக் கடைக்காரரிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு ப்ராஜெக்ட் தேறும். கேட்டு எழுதுவதற்கு நம் பக்கத்தில் முன்னோடியும் உண்டு. ஏழாம் வகுப்பைத் தாண்டாத இடைசெவல் கி. ராஜநாராயணன், சம்சாரிகள் பேசும் சொற்களைச் சேகரித்து கரிசல் வட்டார அகராதியே கொண்டுவந்தாரே!

இப்போது தீப்பெட்டிக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அங்கேதான் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம் ஆக்கினார்கள். கைவேலைக்கு இருந்த தள்ளுபடி போய்விட்டது. மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலையேறவே, 14 வருடம் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பர் 1-இல் இரண்டு ரூபாய் ஆனது. மறுபக்கம் பிளாஸ்டிக் லைட்டர். 20 ரூபாய்க்கும் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. உதிரி பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுகிறார்கள் என்று நம் ஊர் உற்பத்தியாளர்கள் முறையிட, 2024 அக்டோபரில் அதற்கும் தடை வந்தது.

இந்த இடைவெளியில் சின்ன ஆபீஸ்காரர் ஒருவர் பாதி இயந்திரம் வாங்குவதா, கைவேலையோடு நிற்பதா, வேறு தொழிலுக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் குச்சி அடுக்கியும் பெட்டி அடைத்தும் குடும்பம் நடத்தும் பெண்களின் வாரக் கூலி இருக்கிறது. வங்கிக்காரர் கடன் திட்ட அறிக்கை கேட்கிறார், ஆடிட்டர் வரிக் கணக்குப் பார்க்கிறார், மிஷின் விற்பவர் மிஷினைப் புகழ்கிறார். அந்த அக்காமார்களிடம் போய், "எந்த எடத்துல வேல தேங்குது, எதக் கையால செஞ்சா நல்லது, மிஷின் வந்தா நீங்க என்ன வேல கத்துக்கிட நெனைக்கீங்க?" என்று கேட்டு எழுத ஆள் இல்லை. நம் கல்லூரி மாணவியர் சிலருக்கு அந்த அக்காமார் சொந்த அம்மாவாகவே இருப்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியும், பதிலைக் கேலி செய்யாமல் எழுதவும் தெரியும். முன்னாள் மாணவர்களில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துவோரும் மில்லில் மேற்பார்வை பார்ப்போரும் இருக்கிறார்கள். இந்த ப்ராஜெக்ட்டுக்காகக் கணக்கு நோட்டோடு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிடாமல் ஒரு ஷிப்ட் முழுக்க உள்ளே நின்று பார்க்க விடுங்கள்.