பொய் சொல்லாத பெட்டி

கடை என்று ஒன்றை வைத்தவனுக்கு இரண்டு கவலைகள் உண்டு. சரக்கு விற்க வேண்டுமே என்பது ஒன்று; விற்ற சரக்கின் காசு கல்லாவுக்கு வந்து சேர வேண்டுமே என்பது மற்றொன்று. முதல் கவலையை அவன் ஊரறியப் பேசுவான். "வியாபாரம் மந்தம்" என்று சொல்லாத வியாபாரியை நான் இதுவரை கண்டதில்லை. இரண்டாவது கவலையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொன்னால் கடைப் பையனைச் சந்தேகிக்கிறான் என்று ஆகும். சில கடைகளில் மைத்துனனையே சந்தேகிக்கிறான் என்றும் ஆகும். நம் பக்கத்து முதலாளிகள் எத்தனை வயதானாலும் கல்லாவை விட்டு எழுந்திருக்காததன் ரகசியம் இதுதான்.

இந்த இரண்டாவது கவலைக்கு மருந்து தேடிய கதை, அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் வேடிக்கையாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் பெருந்துயரமாகப் போய் முடிந்தது. பில் போடும் யந்திரம் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று இன்று சின்னஞ்சிறு கடைக்காரர்களும் யோசிக்கிறார்கள். யோசிக்கிறவர்கள் இந்தக் கதையை ஒரு முறை கேட்டுவிட்டு யோசிப்பது நல்லது.

ஜேம்ஸ் ரிட்டி என்பவர் டேட்டனில் மதுக்கடை நடத்தி வந்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை, லாபத்துக்குத்தான் குறைவு. ஊற்றிக் கொடுக்கும் சிப்பந்திகள் வாங்கும் காசில் ஒரு பகுதி வழியிலேயே அவர்கள் பைக்குள் இறங்கிவிடும். ஆளை மாற்றிப் பார்த்தார். பை மாறியதே தவிரப் பழக்கம் மாறவில்லை. மனம் சோர்ந்துபோய் 1878-இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பலின் யந்திர அறையில், சுழல் விசிறி எத்தனை தடவை சுற்றுகிறது என்பதை எண்ணிக்கொண்டே போகும் ஒரு கருவி இருந்தது. விசிறியின் சுற்றை எண்ண முடியுமானால் விற்பனையை எண்ண முடியாதா என்று ரிட்டிக்குத் தோன்றியது. ஊர் திரும்பி, யந்திர வேலை தெரிந்த தம் சகோதரர் ஜானோடு சேர்ந்து உழைத்தார். 1879 நவம்பர் 4-ஆம் தேதி அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. யந்திரத்துக்கு அவர்கள் இட்ட பெயரில் கோபம், கேலி இரண்டும் கலந்திருக்கின்றன: 'லஞ்சத்துக்கு மசியாத காசாளர்'!

முதல் யந்திரம் கடிகாரம்போல் முகம் உடையது. மணிக்குப் பதில் டாலர். நிமிஷத்துக்குப் பதில் சென்ட். பணம் போடும் பெட்டிகூட அதில் இல்லை. பெட்டியும் மணியும் பின்னால் வந்தவை. அவை வந்த பிறகுதான் யந்திரத்தின் முழுச் சாமர்த்தியமும் வெளிப்பட்டது. விசையை அழுத்தினாலொழியப் பெட்டி திறக்காது. பெட்டி திறந்தால் மணி அடிக்கும். பின்கட்டில் இருக்கும் முதலாளிக்கு விற்பனை நடந்தது தெரிந்துவிடும். அழுத்திய தொகை மேலே எழும்பி, வாங்க வந்தவர் கண்ணிலும் படும். கொடுத்தது ஐம்பது சென்ட், மேலே தெரிவது இருபது என்றால் அவர் சும்மா இருப்பாரா? சம்பளம் இல்லாத ஒரு கணக்குப்பிள்ளையாக வாடிக்கைக்காரரையே நியமித்துவிட்டது யந்திரம்! விற்பனை ஒவ்வொன்றையும் காகிதச் சுருளில் துளையிட்டுக் குறிக்கும் வகையும் விரைவில் வந்தது. இரவில் துளைகளை எண்ணினால் அன்றைய வரவு தெரியும்.

ரிட்டிக்கு மூளை இருந்தது, விற்கத் தெரியவில்லை. யந்திரத் தொழிலைக் கைமாற்றிவிட்டு அவர் மதுக்கடைக்கே திரும்பிவிட்டார். அது ஜான் பாட்டர்ஸன் என்ற நிலக்கரி வியாபாரியின் கைக்கு வந்தது 1884-இல். சுரங்கத்தை ஒட்டி அவர் நடத்திய கடை நஷ்டத்தில் இருந்தது; இந்த யந்திரங்களை வரவழைத்து வைத்த பிறகு லாபம் காட்டியது. அந்த அனுபவத்தை நம்பி 6,500 டாலர் கொடுத்துக் கம்பெனியை வாங்கினார். ஊரார் சிரித்த சிரிப்பைக் கண்டு மறுநாளே பின்வாங்கப் பார்த்தார் என்றும், விற்றவர் இணங்கவில்லை என்றும் சொல்வார்கள். அந்தப் பிடிவாதம் பாட்டர்ஸனைக் கோடீசுவரராக்கியது. நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி 1911-க்குள் பத்து லட்சம் யந்திரங்களை விற்றுவிட்டது.

சிப்பந்திகளுக்கு யந்திரத்தைக் கண்டாலே எரிச்சல். 'திருடனைப் பிடிக்கும் பொறி' என்றார்கள் அவர்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பத்து வருஷம் உண்மையாக உழைத்தவனுக்கு எதிரே ஒரு நாள் மணியோடு கூடிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? கம்பெனி அதற்கும் பதில் வைத்திருந்தது. "யோக்கியனுக்கு இது காவல். கணக்குக் குறைந்தால் பழி அவன்மேல் விழாது" என்றது. அழகான வாதம். பெட்டி உண்மை சொல்லும் வரையில் சரியான வாதமும்கூட. இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டர்ஸன் விற்பனையை ஒரு வித்தையாகவே ஆக்கினார். 1887-இல் விற்பனையாளர்களுக்கென்று ஒரு பாடப் புத்தகம் அச்சிட்டார். அதை அவர்கள் நெட்டுருப் போட்டு ஒப்பிக்க வேண்டும். "தினம் உங்களிடமிருந்து கசியும் காசை எண்ணிப் பாருங்கள், யந்திரத்தின் விலை அதற்குள் அடக்கம்" என்பதுதான் பேச்சின் சாரம். ஆனால், பிறர் நாணயத்தை அளக்கக் கருவி விற்ற கம்பெனியின் நாணயம் என்னவாக இருந்தது? பழைய யந்திரங்களை வாங்கி மலிவாக விற்கும் வியாபாரிகள் பெருகியபோது, தாமஸ் வாட்ஸன் என்ற தம் ஆளை 1903-இல் ரகசியமாக அனுப்பி, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்போல் பழைய யந்திரக் கடை வைக்கச் செய்தார்கள். கம்பெனிப் பணம் பின்னால் இருந்ததால் அவர் லாபத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பக்கத்துக் கடைகள்தாம் மூடப்பட்டன. 1913 பிப்ரவரியில் பாட்டர்ஸனும் வாட்ஸனும் இன்னும் பலரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. 1915-இல் மேல் கோர்ட்டில் அந்தத் தீர்ப்பு அடிபட்டுப் போய், யாரும் சிறை செல்லவில்லை. இந்த வாட்ஸன்தான் பின்னாளில் ஐ.பி.எம். கம்பெனியை வளர்த்துப் புகழ் பெற்றவர்.

முதலாளிக்காகப் பிறந்த பெட்டியின்மேல் பிறகு சர்க்கார்களுக்கும் கண் விழுந்தது. முதலாளி சிப்பந்தியைக் கண்காணிப்பது போல் முதலாளியைக் கண்காணிக்க யாரேனும் வேண்டாமா? தைவான் 1951-இல் ஓர் உபாயம் செய்தது. கடை ரசீதின் எண்ணையே லாட்டரிச் சீட்டாக்கிவிட்டது! பரிசு ஆசையில் ஜனங்கள் ரசீது கேட்டு வாங்க, வரி தானே வந்து சேர்ந்தது. இத்தாலி 1983-இல் சட்டமே இயற்றிக் கடைக்காரர்களைப் பதிவு யந்திரம் வைக்கச் செய்தது. நம் நாட்டில் 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, அதுவரை துண்டுக் காகிதத்தில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்த பல கடைக்காரர்கள் கம்ப்யூட்டரைத் தேடி ஓடியதும் இதே கதையின் ஓர் அத்தியாயந்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு மாறுதல் நேர்ந்தது. 1974 ஜூன் 26-ஆம் தேதி, டேட்டனுக்கு அருகில் உள்ள டிராய் என்ற ஊரின் பெரிய மளிகைக் கடையில், 67 சென்ட் விலையுள்ள சூயிங்கம் பொட்டலம் ஒன்று கண்ணாடிக்கு மேலாக நகர்த்தப்பட்டது. அதன்மேல் அச்சாகியிருந்த கறுப்புக் கோடுகளை யந்திரம் படித்து விலை சொல்லிற்று. அந்த யந்திர அமைப்பை அங்கே நிறுவியதும் பாட்டர்ஸன் கம்பெனிதான். அதுவரை காசை மட்டும் எண்ணிய பெட்டி, அன்று முதல் சரக்கையும் அறிந்துகொண்டது. எது விற்றது, எத்தனை மிச்சம், எதை மறுபடி வாங்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியது. நன்மை பெரிது, சந்தேகமில்லை. ஆனால் காகிதத்துளையைக் கடைக்காரன் தன் கண்ணால் எண்ணினான். இப்போது கணக்கு எங்கோ ஓரிடத்தில், அவன் பார்க்க முடியாத எழுத்தில், அவன் அறியாத ஆட்களின் பொறுப்பில் இருக்கிறது.

மசியாத காசாளரை மசிய வைக்க முடியும் என்பதையும் உலகம் பார்த்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் பெரும் பெயர் பெற்ற மளிகைக் கடை முதலாளி ஸ்டூ லெனார்டு. பல வருஷங்களாக விற்பனைக் கணக்கைக் குறைத்துக் காட்டும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்றைப் பயன்படுத்தி, 1 கோடியே 70 லட்சம் டாலர் விற்பனையை வரிக்கணக்கிலிருந்து மறைத்ததாக 1993-இல் அவர் ஒப்புக்கொண்டார். சிப்பந்தி திருடாமல் இருக்கச் செய்த பெட்டி, முதலாளி திருட உதவியது.

இதைவிடக் கொடுமை, யாருமே திருடாத இடத்தில் பெட்டி திருட்டுப் பட்டம் கட்டியதுதான்.

இங்கிலாந்தில் கிளைத் தபால் ஆபீஸ்களில் பெரும்பாலானவை தனி மனிதர்கள் ஒப்பந்தத்தில் நடத்துபவை. மளிகையும் பத்திரிகையும் விற்கும் கடையின் ஒரு மூலையில் தபால் கவுண்டர் இருக்கும். 1999 முதல் இவற்றில் 'ஹொரைஸன்' என்ற கம்ப்யூட்டர் முறை புகுத்தப்பட்டது. சிறிது காலத்தில் பல கிளைகளில் இரவுக் கணக்கு உதைத்தது. இருக்கும் பணத்துக்கும் திரை காட்டும் தொகைக்கும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பவுன் வித்தியாசம். ஒப்பந்தப்படி குறையைக் கடைக்காரரே ஈடுகட்ட வேண்டும். சேமிப்பைக் கொட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டவர்களில் பலருக்கு, "உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தொல்லை இல்லையே" என்ற பதில்தான் கிடைத்தது. 2015 வரைக்குள் 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. கர்ப்பிணியான ஒரு பெண்மணி 2010-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும் என்றிருந்த விதியை 1999-இல் இயற்றிய சட்டம் எடுத்துவிட்டிருந்தது. யந்திரம் தவறு செய்தது என்று குற்றம் சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும். காட்டுவதற்கு வேண்டிய கணக்கோ அவர் கையில் இல்லை!

வேல்ஸ் நாட்டுக் கடலோர ஊரில் தபால் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ், முன்பே விற்பனை யந்திர முறைகளோடு பழகியவர். இந்த முறையில் கணக்கைப் பிரித்துப் பார்க்க வழி போதாது என்று தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். புரியாத குறையை ஈடுகட்ட மாட்டேன் என்று மறுத்தார். 2003-இல் அவருடைய ஒப்பந்தம் போயிற்று. அவர் விடவில்லை; அவரைப்போன்ற 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். கணக்கில் குறை விழுவதற்கு ஹொரைஸனின் பிழைகளே காரணமாக இருக்கக்கூடும் என்றும், கடைக்காரருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து அவர் கணக்கில் கை வைக்க முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2024-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்துச் செய்தது. பழி தாங்காமல் பதின்மூன்று பேர் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. அவர்களை எந்தச் சட்டம் திருப்பிக் கொண்டுவரும்?

அப்படியானால் பெட்டியே வேண்டாமா? வேண்டாம் என்பவன் நான் அல்ல. நம் தேநீர்க் கடைகளில் "இருபது ரூபாய் வரவு" என்று பேசும் சிறு பெட்டி, டேட்டனில் அடித்த மணியின் பேரன்தான். கை நிறைய வேலையாக இருக்கும் கடைக்காரருக்கு அது செய்யும் உதவி கொஞ்சமல்ல. ஆனால் கடையில் பில் யந்திரம் வைப்பது ஒரு சாட்சியை வீட்டில் குடிவைப்பது போன்றது. சாட்சியை எப்படிச் சோதிப்போமோ அப்படித்தான் அதையும் சோதிக்க வேண்டும்.

விற்க வருகிறவர் பத்து விற்பனை செய்து காட்டுவார்; எல்லாம் அழகாக நடக்கும். போட்ட பில்லை ரத்துச் செய்யச் சொல்ல வேண்டும்; விற்ற சரக்கைத் திருப்பி வாங்கச் சொல்ல வேண்டும்; பில் பாதியில் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். பிறகு கணக்கைப் பார்க்க வேண்டும். அழித்ததும் திருத்தியதும் யார், எப்போது என்ற குறிப்போடு நிற்கிறதா? வெளியூரில் இருந்து யாராவது அதில் கை வைக்க முடியுமா? முடியுமானால் அது நமக்குத் தெரியுமா? மாதச் சந்தா கட்டத் தவறினால் நம் பழைய கணக்கு நம்மிடம் இருக்குமா, அவர்களோடு போய்விடுமா? கணக்கு முழுவதையும் ஒரு பிரதி எடுத்து நம் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாத யந்திரம், எத்தனை மலிவாக இருந்தாலும் மலிவல்ல. வாங்கிய பிறகும் ஒரு மாதமாவது பழைய நோட்டுப் புத்தகத்தை மூடிவிடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்துவது உத்தமம்.

ஒரு நாள் இரவு திரை ஒரு தொகையும் கல்லா வேறு தொகையும் சொல்லக்கூடும். அப்போது கடைப் பையனை முறைப்பதற்கு முன்னால், பெட்டியைப் பார்த்து, "நீ சொல்வதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பெட்டியைத்தான் காசு கொடுத்து வாங்கலாம்.