துப்பாக்கி ரவைப் பரிசோதனைகளும் கேட்கப்படாத வினாவும்

வன்னிப் புறங்களில் ‘இடியன்’ என வழங்கும் துவக்கினை நம்முட் பலர் கண்டோ கேட்டோ இருப்பர். குழலின் வாய்வழியே முதலில் வெடிமருந்தையும் பின்னர்ச் சன்னத்தையும் இட்டு, கோலினால் இடித்து இறுக்கிச் சுடும் துவக்கு அது. உலகின் பெரும்படைகள் இம்முறையினை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கைவிட்டுவிட்டன. எனினும் ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய துப்பாக்கிகளுக்கென்றே இன்றும் தனி வேட்டைப் பருவம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆங்குள்ள வேட்டைக்காரர் பலர் ஒரு விந்தையான செயலைச் செய்கின்றனர். அரை அங்குல விட்டமுடைய குழலில், அதனினும் சிறிதான கைத்துப்பாக்கி ரவையினைப் பிளாஸ்டிக் உறையொன்றிற் பொதிந்து இட்டுச் சுடுகின்றனர். பின்னர் இலக்குப் பலகையில் விழுந்த துளைகளை அளந்து, ரவை நேராகச் சென்றதா, எத்துணைத் தூரம் வலுவிழக்காது சென்றது, இலக்கிற் புகுந்தபின் எவ்வாறு விரிந்தது என்றெல்லாம் ஆராய்கின்றனர்.

குழலிலும் சிறிய ரவையைக் குழலோடு எவ்வாறு பொருத்துவது என்னும் இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பியப் படைகளை வாட்டிய வினாவே அது. அதற்கு விடைகாணச் செய்யப்பட்ட பரிசோதனைகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அப்பரிசோதனைகள் அளந்தவற்றோடு அளக்காது விட்டவற்றையும் சுட்டிக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரவையின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தகுந்த முறையில் அளந்தவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் றொபின்ஸ் ஆவார். 1742இல் வெளியான அவரது ‘பீரங்கியியலின் புதிய தத்துவங்கள்’ என்னும் நூல் எறிய ஊசல் என்னும் கருவியினை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. தொங்கவிடப்பட்ட கனத்த மரப்பலகையின்மீது ரவையைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் ஊசலாடுகின்றது என்பதை ஒரு நாடாவினால் அளந்து, உந்தக் கணிப்பின் மூலம் ரவையின் வேகத்தை அவர் கண்டறிந்தார். துப்பாக்கி ரவை செக்கனுக்கு 1,600 அடிக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லக்கூடியது என்பதும், அவ்வேகத்தில் வளி காட்டும் தடை ரவையின் நிறையிலும் பன்மடங்கானது என்பதும் இவ்வாறு தெரியவந்தன. அதுவரை வளித்தடையைப் பொருட்படுத்தாது ஏடுகளில் வரையப்பட்ட எறியப் பாதைகள் யாவும் பிழையாயின. கணித மேதை ஒயிலர் இந்நூலை 1745இல் விரிவான குறிப்புக்களுடன் செருமன் மொழியில் வெளியிட்டார் என்பதிலிருந்து அதன் சிறப்பு விளங்கும்.

தவாளிப்புடைய குழலின் மேன்மையை எடுத்துரைத்து, அதனை முழுமைப்படுத்தும் நாடு போரில் மேலாதிக்கம் பெறும் என 1747இல் எதிர்வுகூறியவரும் றொபின்சே. அவர் பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகத் தென்னிந்தியாவுக்கு வந்து, 1751ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிற் காய்ச்சலினால் இறந்தார். துப்பாக்கியியலின் தந்தை எனத்தக்க ஒருவர் தமிழ் மண்ணிற் கண்மூடியமை நம்மவர் பலர் அறியாத செய்தியாகும்.

றொபின்ஸ் காலத்துப் படைகள் ஏந்திய துப்பாக்கிகளின் குழல்கள் உட்புறம் வழுவழுப்பானவை. விரைவாக இடிப்பதற்கு வசதியாக ரவை குழலினும் சிறிதாக வார்க்கப்பட்டது. பிரித்தானியப் படையின் துப்பாக்கி ஏறத்தாழ .75 அங்குலக் குழலையுடையது. அதற்குரிய உருண்டை ரவையோ.70 அங்குல அளவினதே. எனவே வெடிப்பின் விசையில் ஒரு பகுதி இடைவெளியூடே வீணாயிற்று. ரவையும் குழலின் சுவர்களில் மோதி மோதி வெளியேறி, எத்திசையிற் செல்லுமென்று கூறமுடியாததாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவிற் பிரசியர் 100 அடி நீளமும் 6 அடி உயரமுங் கொண்ட சீலைத் திரையை எதிரிப்படை அணியாகக் கருதிச் சுட்டுப் பார்த்தனர். 75 யாரில் நூற்றுக்கு 60 ரவைகளும், 150 யாரில் 40உம், 225 யாரில் 25உம் பட்டன. போர்க்களத்திலோ இவ்விகிதம் மிகமிகக் குறைவாக இருந்தது. சீலைத் திரை திருப்பிச் சுடுவதில்லை. அதனை நோக்கி நிற்பவனின் கை நடுங்குவதுமில்லை. பரிசோதனைக்கும் வாழ்வுக்கும் இடையிலான தூரம் இங்கேயே தென்படத் தொடங்குகின்றது.

குழலின் உட்புறத்தே சுருளாகத் தவாளிப்புக்களை வெட்டினால் ரவை சுழன்று நேரே செல்லும் என்பது முன்னரே அறியப்பட்ட உண்மை. ஆனாற் சுழலவேண்டுமாயின் ரவை தவாளிப்பை இறுகப் பற்றவேண்டும். இறுகப் பற்றும் ரவையை வாய்வழியே இடித்து இறக்குவது கடினம். எளிதில் இறங்கும் ரவை தவாளிப்பைப் பற்றாது. இம்முரண்பாட்டினாலேயே தவாளிப்புத் துப்பாக்கி நெடுங்காலம் தேர்ந்த சிலரது கருவியாக மட்டும் இருந்தது.

உள்ளே செல்லும்போது சிறிதாகவும் வெளியே வரும்போது பெரிதாகவும் இருக்கும் ரவையே இதற்குத் தீர்வு. 1826இற் பிரெஞ்சுக்காரரான டெல்வீன், குழலின் அடியில் ஓர் ஒடுங்கிய அறையை அமைத்து, அதன் விளிம்பில் ரவையைக் கோலால் அடித்து விரியச் செய்தார். ஆங்கிலப் படையின் கப்டன் நோட்டன், ரவையின் அடியிற் குழிவு அமைத்து வெடிப்பின் விசையினாலேயே அதனை விரிவிக்க முயன்றார். தென்னிந்தியாவிற் பணிபுரிந்தபோது, ஊதுகுழலால் அம்பெய்வோர் அம்பின் அடியில் தாமரை நெட்டியைப் பொருத்தியிருப்பதையும், ஊதும்போது அந்நெட்டி விரிந்து குழலை அடைப்பதையும் கண்டே இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது என்பர். 1835இற் கிறீனர் என்னும் துப்பாக்கித் தொழிலாளர் இவ்வகை ரவையொன்றை அமைத்தார். ரைன்மவுத்தில் 60ஆம் றைபிள் படையினர் அதனைச் சுட்டுப் பார்த்தனர். ரவை நன்கு விரிந்தது, இடிப்பதும் எளிதாயிருந்தது. ஆயினும் இரு பகுதிகளால் ஆன ரவை படைக்கு ஒவ்வாதெனக் கூறி அதிகாரிகள் அதனைப் புறக்கணித்தனர். 1849இற் பிரெஞ்சுக் கப்டன் மினியே அதே தத்துவத்தில் அமைத்த கூம்புருவ ரவையை ஏற்ற பிரித்தானிய அரசு, அவருக்கு 20,000 பவுண் வழங்கியது. கிறீனருக்கு 1857இல் 1,000 பவுண் கிடைத்தது. ஒரே பரிசோதனை முடிவு, கேட்பவர் யார், கேட்கும் காலம் எது என்பவற்றைப் பொறுத்து வெவ்வேறு விலை பெறுவதை இங்கு காண்கிறோம்.

இத்தொடரின் முதிர்ந்த கனியே 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் துப்பாக்கி. அதன் குழல் .577 அங்குலம், ரவை.568 அங்குலம், நிறை 530 கிறெயின். ரவை குழலினுள் எளிதில் இறங்கவும், வெடிமருந்துக் கசடு இறுகாதிருக்கவும், ரவையைச் சுற்றியிருந்த தாள் கொழுப்பில் தோய்க்கப்பட்டது. போர்வீரன் தோட்டாவின் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, பின்னர் கொழுப்புத் தாளோடு ரவையை இட்டு இடிக்கவேண்டும். இவ்விடத்து ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சிறிய ரவை என்ற தீர்வே கொழுப்பிட்ட தாளைத் தேவையாக்கிற்று. பொறிமுறை வினாவுக்குக் கிடைத்த விடை, வேறொரு வினாவைத் தன் மடியிற் சுமந்து வந்தது.

1853இல் இத்தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. போருக்காகவன்று, பரிசோதனைக்காக. இந்திய வெப்பத்தில் அக்கொழுப்பு உருகுமா, கெடுமா என்பதை அறிவதே நோக்கமாயிருந்தது. கல்கத்தா, கான்பூர், இரங்கூன் ஆகிய இடங்களில் அவை படைவீரரின் பைகளிலும் களஞ்சியங்களிலும் வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. வெயிலும் மழையும் கொழுப்பை என்ன செய்யும் என்று கேட்கப்பட்டது. கொழுப்பு மனிதரை என்ன செய்யும் என்று கேட்கப்படவில்லை.

அவ்வாறு ஒருவரும் கேட்கவில்லை எனக் கூறுதலும் நேர்மையாகாது. வங்காளப் படையின் தலைமை நிருவாக அதிகாரியான கேணல் ரக்கர், அக்கொழுப்புச் சாதி வழக்கங்களுக்கு மாறானதன்று என்பது தெரியும்வரை சுதேசப் படையினருக்கு அத்தோட்டாக்களை வழங்கலாகாது என 1853 திசெம்பரில் இராணுவச் சபைக்கு எழுதினார். ஆனால் அவ்வினாவை அளக்க ஓர் ஊசலோ இலக்குப் பலகையோ இருக்கவில்லை. எண்ணாக மாற்ற முடியாத எச்சரிக்கை கோப்பினுள்ளே உறங்கிற்று.

1857 சனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், தோட்டாக்களிற் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்துள்ளன என்ற செய்தி பரவிற்று. இந்துவுக்கும் முசிலிமுக்கும் ஒருங்கே தீட்டான பொருளை வாயால் தொடுமாறு பணிக்கப்படுகின்றோம் என்ற அச்சம் படைமுகாந்தோறும் எழுந்தது. விரும்பிய நெய்ப்பைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்றும், பல்லுக்குப் பதிலாகக் கையாற் கிழிக்கலாம் என்றும் அரசு பின்னர் அறிவித்தது. அவ்வறிவிப்பே ஐயத்தை வலுப்படுத்திற்று. மார்ச் 29இற் பரக்பூரில் மங்கள் பாண்டே தன் அதிகாரிகள்மீது ஆயுதம் ஏந்தினார். ஏப்பிரல் 24இல் மீரத்தில் 90 குதிரைப்படை வீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று வழங்கப்பட்டவை புதிய தோட்டாக்களே அல்ல, பழைய வகையினவே. மே 9இல் அவர்கள் பலர்முன் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது.

தோட்டாவே 1857இன் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1856இல் அயோத்தி இராச்சியம் இணைக்கப்பட்டமை, அவ்வாண்டின் படைச்சேர்ப்புச் சட்டம் கடல்கடந்த சேவையைக் கட்டாயமாக்கியமை, நிலவரிச் சுமை, மதமாற்றம் பற்றிய அச்சம் என்பன நெடுநாட் குவிந்த வெடிமருந்தாகும். ஆயினும் தோட்டாவை வெறும் வதந்தி என ஒதுக்குவதும் தவறு. ஆளப்படுவோரின் உள்ளத்தை ஆட்சியாளர் ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மீரத்து வீரர் மறுத்தது பழைய தோட்டாவை எனின், பழுதுற்றிருந்தது நம்பிக்கையேயன்றிக் கொழுப்பன்று என்பது வெளிப்படை.

இதே ரவைக் குடும்பம் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. மென்மையான ஈயத்தாலான அக்கனத்த ரவை எலும்பிற் பட்டதும் அதனை நொறுக்கிற்று. கை கால்களை வெட்டியகற்றுவதே அறுவைமருத்துவர் பலருக்கு எஞ்சிய வழியாயிற்று. பலகையில் விழுந்த துளையை அங்குலக் கணக்கில் அளந்தவர்க்கு, உடலில் விழும் துளையின் தன்மையைப் பலகை கூறவில்லை.

முடிவாக நோக்குமிடத்து, பரிசோதனை பொய் கூறுவதில்லை. ஆயின் கேட்ட வினாவுக்கு மட்டுமே அது விடை தருகின்றது. இன்றைய வேட்டைக்காரனின் பிளாஸ்டிக் உறை, அன்று கொழுப்புத் தாள் செய்த பணிகளில் ஒன்றையே செய்கின்றது: சிறிய ரவையைப் பெரிய குழலோடு பொருத்துகின்றது. அவ்வுறையை எவரும் வாயாற் கடிக்கவேண்டியதில்லை; அது எவர் நெஞ்சையும் புண்படுத்துவதில்லை. ஆதலின் அவனுக்கு இலக்குப் பலகை போதுமானது. மக்களை ஆளும் பொறுப்புடையோர்க்கு அது போதாது. ஓர் அறிக்கையையோ புள்ளிவிபரத்தையோ கையிலெடுக்கும் வரலாற்று மாணவன், இதில் அளக்கப்பட்டது எது என்பதோடு நின்றுவிடலாகாது. அளக்கப்படாதது எது, அதனை அளக்க வேண்டியதில்லை என முடிவு செய்தவர் யார் என்றும் அவன் கேட்டல் வேண்டும். 1853இல் அவ்வினாவை எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. அதனைப் படித்தவர்கள் கொழுப்பு உருகுகின்றதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தனர்.