சம்பளம் வாங்காத வேலைக்காரன்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும்போது, மரக்காணத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி கட்டுவதும் உப்பை வாரிச் சுமப்பதும் மனிதர்கள். தண்ணீரை ஆவியாக்குவது மட்டும் சூரியன். சம்பளமே கேட்காத வேலைக்காரன்!

ஆனால் அவனிடம் ஒரு குணம்... தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவான். கடல் நீர் என்றால் உப்பு கிடைக்கும். சாயப்பட்டறைக் கழிவு என்றால்? சாயமும் உப்பும் கலந்த சேறுதான் மிஞ்சும்.

அந்தச் சாயத்தையும் வெயிலே அழித்துவிட்டால்?

விடை, பெயின்ட் டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது! பெயின்ட்டுக்கு வெண்மை தரும் தூள் டைட்டானியம் டை ஆக்ஸைடு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்தும் இதை எடுக்கலாம். இந்த பெயின்ட்டில் ஒரு தலைவலி. வெயில் பட்டால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. என்னடா வம்பு என்று நோண்டிப் பார்த்தார்கள். 1938-ல் இங்கிலாந்தில் குடீவ், கிச்சனர் என்ற இருவர், ஒளி பட்டால் இந்தத் தூள் சாயத்தை வெளுக்கச் செய்வதை விளக்கி எழுதினார்கள்.

1967-ல் டோக்கியோவில் அகிரா ஃபுஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர், தண்ணீருக்குள் இருந்த டைட்டானியம் டை ஆக்ஸைடு படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினார். குமிழ் குமிழாக ஆக்ஸிஜன்! எதிரே இருந்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன்! 1972-ல் ஆசிரியர் ஹோண்டாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது.

சூட்சுமம் இதுதான். ஒளி பட்டதும் தூளில் ஒரு எலெக்ட்ரான் துள்ளி எழுகிறது. அது விட்டுப்போன காலியிடம், தண்ணீரிலிருந்து 'ஹைட்ராக்ஸில்' என்ற முரட்டுப் பயலைக் கிளப்பிவிடுகிறது. அவன் சாயத்தைக் குதறிக் குதறி, கடைசியில் பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீருமாக ஆக்கிவிடுகிறான். தூளோ செலவாவதில்லை!

நம்மூரிலும் சோதித்தார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் சக்திவேல், முருகேசன் குழுவினர், வெயிலில் ஒரு பழுப்புச் சாயத்தை உடைப்பதில் டைட்டானியத்தை விட துத்தநாக ஆக்ஸைடு கெட்டிக்காரன் என்று 2003-ல் வெளியிட்டார்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் கட்டுரை அது.

அப்படியானால் திருப்பூர் பிரச்னை ஏன் தீரவில்லை? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனதே!

வில்லன், சாயம் மட்டுமல்ல... உப்பு! பருத்தியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறார்கள். எந்த ஆக்ஸைடும் உப்பை உடைக்காது. போதாக்குறைக்கு, உப்பிலுள்ள குளோரைடு அந்த முரட்டுப் பயலையே மடக்கிப் போட்டுவிடும். டைட்டானியத்துக்குத் தேவையான புற ஊதா ஒளியும் வெயிலில் நூற்றுக்கு ஐந்து பங்குதான்.

மரக்காணத்தில் சோறு போடும் அதே உப்பு, நொய்யல் கரையில் வயலைக் கெடுத்தது. சாயத்தை வெயிலிடம் விட்டுவிடலாம். உப்புக்கு மட்டும் பட்டறைக்குள்ளேயே கணக்குப் பார்த்தாக வேண்டும்!